அரிசி மூட்டைக்கு அடியில் கல்யாணப் பூ

ஐம்பத்திரண்டாவது வயதில், கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. அவரும் துணையை இழந்தவர். சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கிறார்; மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகள் லீவு போட்டு வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முழு மனதோடு சம்மதித்தவள்தான். ஆனாலும் அவரிடம் அவளுக்குப் பேச்சு வளரவில்லை.

மறுநாள் மாலைகளைத் தூக்கிப் போடப் போனேன். "வேண்டாம் அம்மா, நான் அழுத்திக் காய வைக்கறேன்" என்று மகள் வாங்கிக்கொண்டாள். பூக்களை உதிர்த்து, செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே ஒரு பலகை வைத்தாள். பாரத்துக்கு என்ன செய்வதென்று அவள் தேடியபோது, அவர் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து ஏற்றினார்.

ஈரம் ஊறிய தாள்களைத் தினமும் மாற்ற வேண்டியிருந்தது. மூட்டையைத் தூக்க அவளால் முடியவில்லை. மார்கழி பிறந்துவிட்டதால் கடையில் கல்யாண ஆர்டர் எதுவும் இல்லை. அவர் காலையில் நிதானமாக இருந்து மூட்டையைத் தூக்குவார். அவள் தாள் மாற்றுவாள். நாளாக நாளாக அந்த வேலைக்கு அரை மணி நேரம் பிடித்தது. இருவரின் பேச்சும் அடுக்களைவரை கேட்டது.

லீவு முடிந்து அவள் ஊருக்குப் போனாள். மறுநாள் காலை போன் எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது.

"அங்கிள், பேப்பர் மாத்தியாச்சோ?"

"மாத்தியாச்சு மோளே. பிச்சிப்பூ மட்டும் தேயிலை மாதிரி ஆயிப்போச்சு. ரோஜாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை, கேட்டோ."

அவள் சிரித்தது எனக்கும் கேட்டது. அன்று நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.