கங்குன் பாத்தியில் கொட்டிய கிரவல்

கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்கிறார் என் கணவர். ஆறிவிட்டால் நான் இதை எழுதவே மாட்டேன்.

கெலிஓயாவில் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு சதுப்பு இருக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் அதில் தங்கித்தான் ஓயா ஆற்றுக்குப் போகும். வீதியோரமாக அதில் பக்கத்து வீட்டு அக்கா கங்குன் கீரை போட்டிருந்தார். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் அந்தப் பாத்தியை நம்பித்தான் படிக்கவைத்தார். விடிந்ததும் அறுத்துக் கட்டி என் கடை வாசலில் வைப்பார், வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் அது அரச காணி, அக்காவிடம் உறுதிப் பத்திரம் கிடையாது.

அவருக்கு இருந்த பயமெல்லாம் மண் லொறிதான். எதிர்ப்பக்கத்தில் ஒரு முதலாளி, அரசாங்கக் கந்தோர்கள் பூட்டியிருக்கும் பௌர்ணமிப் போயா விடுமுறைகளாகப் பார்த்து மண் கொட்டிக் கொட்டி, சதுப்பில் பாதியைக் கல்யாண மண்டபமாக்கியிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

அதனால்தான், சதுப்பு நிலங்களைப் பாதுகாத்து மீட்கப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது நாங்கள் அப்படிச் சந்தோஷப்பட்டோம். அதிகாரிகள் வந்து அளந்து முளை அடித்தார்கள். கங்குன் சேற்றுக்குச் சொந்தமானதுதானே, இருக்கட்டும் என்று அவர்களில் ஒருவர் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அக்கா நேரே கடைக்கு வந்தார்.

“இனி நம்ம எடத்துல ஒருத்தனும் மண்ணு கொட்ட ஏலாது தங்கச்சி. கவர்மெண்டே காவலுக்கு நிக்கிது.”

சதுப்பைப் பாதுகாக்கப்பட்ட நிலமாகப் பிரகடனம் செய்ய ஒரு விழா வைத்தார்கள். விழா என்றால் பெயர்க்கல், குத்துவிளக்கு, பந்தல், கதிரை எல்லாம் வேண்டும். பிரதம அதிதியின் வாகனம் திரும்ப இடம் வேண்டும், அவருடைய சப்பாத்தில் சேறு படக்கூடாது. முந்தின நாள் லொறி வந்தது. வீதிக்குக் கிட்ட இருந்த சதுப்பு அக்காவின் பாத்திதான். அதில் கிரவல் மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு மட்டப்படுத்தினார்கள். சதுப்பைக் காப்பாற்ற வந்தவர்கள் முதல் வேலையாக அதை நிரப்பினார்கள். சிரிப்பதா, அழுவதா?

நான் ஓடிப்போய்ச் சண்டை போட்டேன். விழாவுக்குப் பொறுப்பான அதிகாரி, இது தற்காலிகம், முடிந்ததும் அள்ளிவிடுவோம் என்றார். அக்கா நம்பினார். மறுநாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு பிரதம அதிதிக்கு வெற்றிலை கொடுத்ததும் அவர்தான். இந்த நிலத்தில் இனி ஒரு பிடி மண்கூட விழாது என்று, அந்தக் கிரவல் மேல் நின்றுகொண்டே அந்த மனிதர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தலைக் கழற்றிக்கொண்டு போனார்கள், மண்ணை யாரும் தொடவில்லை. கேட்டால் ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் கைகாட்டியது. அங்கே போனால், கொட்டத்தான் காசு ஒதுக்கியது, அள்ள ஒதுக்கவில்லை என்றார்கள். மண்டபத்துக்கு வரும் வேன்கள் அங்கே நிற்க ஆரம்பித்தன. அக்கா சந்தையில் கீரை வாங்கி என் கடை வாசலில் வைத்து விற்றார். அதில் அவருக்கு என்ன மிஞ்சும்?

கடைசியில் ஒரு ஞாயிறு காலை அவரே மண்வெட்டியை எடுத்தார். இரண்டு பெண்களும் நானும் இரும்புத் தாச்சியில் அள்ளி வீதியோரம் குவித்தோம். ஒரு மூலையில் சேறு தெரிந்தது. அதில் வெளிறிப்போன கங்குன் கொடி ஒன்று கிடந்தது. “இன்னும் சாகல்ல” என்று அக்கா அதைத் தடவிப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. ஒரு பொலிஸ்காரரும், தற்காலிகம் என்று சொன்ன அதே அதிகாரியும் இறங்கினார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் மண் அள்ளுவது குற்றமாம்.

“இது நீங்க கொட்டுன மண்ணுதானேங்க சேர்” என்றார் அக்கா.

யார் கொட்டியிருந்தாலும் பிரகடனத்துக்குப் பிறகு எல்லைக்குள் இருப்பதெல்லாம் பாதுகாக்கப்பட்டதுதான் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். நான் கத்தினேன். பொலிஸ்காரர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பாவம் பார்த்து வழக்குப் போடாமல் விடுகிறேன், அள்ளியதைத் திரும்பக் கொட்டிவிடு என்று அதிகாரி அக்காவிடம் சொன்னார்.

அக்கா என்னையும் பிள்ளைகளையும் தொடவிடவில்லை. அவர்கள் ஜீப்பில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க, தாச்சி தாச்சியாகச் சுமந்து, தன் பாத்தியைத் தன் கையாலேயே மூடினார்.