ஓடைப் பாறைகளில் இரண்டாவது அழுத்தம்

“நேத்து நம்ம கொட்டாயோட ஓலத் தட்டிய யாரு இடிச்சிட்டுப் போனாங்கன்னே தெரியல. நீ ஒடஞ்ச கல்லப் பாத்து, கோடி வருஷத்துக்கு முன்ன அத எந்தப் பக்கம் அழுத்திச்சின்னு சொல்லப் போறியா?”

நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், என்னோடு எங்கள் ஊர் ஓடைக்குத் துணை வந்த அப்பா இப்படிக் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

“சொல்லுவேன். கணக்கு போட்டு சொல்லுவேன்.”

“கல்லுக்குக் கணக்கு தெரியுமா?”

“எனக்குத் தெரியும்பா.”

ஜவ்வாது மலையின் பாறைகள் ஒரு காலத்தில் நெருக்குண்டு உடைந்தவை. உடைந்த இடங்களில் ஒரு பாறை இன்னொன்றின்மேல் உரசி நகர்ந்திருக்கிறது. உரசிய முகத்தைத் தடவினால் வழவழப்பாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரியும். ஒரு கீறல், பாறை வழுக்கிய திசையைச் சொல்லும். அழுத்தம் வந்த திசையைச் சொல்லாது. அதற்கு, வெவ்வேறு பக்கம் சாய்ந்த பல முகங்களில் கீறல்களை அளந்து, எந்த ஓர் அழுத்தம் இத்தனையையும் இப்படி வழுக்க வைத்திருக்கும் என்று தேட வேண்டும். எதுவும் அச்சாகப் பொருந்தாது. மொத்தத்தில் குறைவாகப் பிசகுவதே விடை.

அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் வழி உண்டு. அளவுகளையெல்லாம் ஒரு பையில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட வேண்டும். மொத்தம் எத்தனை அளவுகளோ அத்தனை முறை எடுத்துக் கணக்கிட்டால் ஒரு விடை வரும். கணினி இதையே சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும். விடைகள் ஓரிடத்தில் குவிந்தால் நம்பலாம்.

எனக்கு இரண்டு இடத்தில் குவிந்தன.

தலைகால் புரியவில்லை. இரண்டு குவியல் என்றால் இரண்டு அழுத்தம், இரண்டு காலம். இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லப்போகிறேன்! படத்தை எடுத்துக்கொண்டு என் பேராசிரியையிடம் ஓடினேன். அவர் இரண்டு குவியலையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“எது முந்தி, எது பிந்தி?”

“தெரியலைங்க மேடம்.”

“ஒரே முகத்துல ஒரு கீறல் மேல இன்னொண்ணு குறுக்க விழுந்திருக்கா? ஒரு எடத்துலயாவது?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்ப இது ரெண்டு காலமா, இல்ல உன் அளவுல கோளாறான்னு எப்படிம்மா சொல்லுவே? உன் ஆராய்ச்சிய மதிப்பிடுற கமிட்டில மொத கேள்வியே அதான். பதில் இல்லன்னா வேற எடம் பாக்கச் சொல்லிடுவாங்க.”

வேறு இடமா? என் மலையைப் பற்றி நானே எழுத வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

இரண்டாவது குவியலைத் தந்தவை பெரும்பாலும் ஓடையில் எடுத்த அளவுகள். அவற்றைத் தூக்கிப் போட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் தூக்கிப் போட ஒரு காரணம் வேண்டும். விடை பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. குறுக்குக் கீறல் ஒன்றாவது கிடைக்குமா என்று மறுபடி ஓடைக்குப் போனேன். அப்பாவும் வந்தார்.

ஓடைப் பாறைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை, உண்ணிச்செடி மண்டியவை. கரையிலிருக்கும் செடியை எங்கள் ஊரில் வெட்டமாட்டார்கள், மழைத் தண்ணீர் கரையை அறுத்துவிடும் என்று. அதனால் அப்பா எப்போதும் என் வலப்பக்கம் நின்று, கொடுவாளின் வளைந்த மூக்கால் செடியை ஒதுக்கிப் பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். அன்றும் அப்படித்தான் பிடித்திருந்தார். நான் திசைகாட்டும் காம்பஸைப் பாறையில் வைத்து ஊசி நிற்கக் காத்திருந்தேன்.

“ஐயோ, எறும்பு!” என்று அப்பா துள்ளி விலகினார். செடி என் முகத்தில் அடித்தது. ஊசி சட்டென்று திரும்பியது.

“யப்பா, மறுபடி அங்கயே வையி.”

“கால எறும்பு மேலயா?”

“கொடுவாளப்பா!”

வைத்தார். ஊசி நகர்ந்தது. எடுக்கச் சொன்னேன். பழைய இடத்துக்கே வந்தது. பாறைமேல் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“இன்னாடி, வெயில் தலைக்கேறிடிச்சா?”

“மலைய ரெண்டாவது வாட்டி அழுத்தினது நீதான்ப்பா. அந்த இரும்புதான் எப்பவும் ஒரே பக்கமா ஊசிய இழுத்திருக்கு.”

“நான் பாட்டுக்கு செடியப் புடிச்சிக்கினு நின்னேன். என் மேல பழி போடுறியா?” என்று முறைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப நான் இங்க நின்னத உன் கணக்கு கண்டுபிடிச்சிடிச்சா?”

“எங்கியோ இன்னாவோ கோணலா இருக்குதுன்னு சொல்லிடிச்சி.”

“பரவால்லியே,” என்றார்.

கொடுவாளை எட்டத்தில் வைத்துவிட்டு, செடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஓடைப் பாறைகள் அத்தனையையும் புதிதாக அளந்தோம். விடுதிக்குத் திரும்பிக் கணக்கை ஓடவிட்டேன். திரையில் ஒரே குவியல். அழகானது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டு, ஓரங்களில் சிதறித்தான் இருந்தது. ஆனால் ஒன்று. பெரிய கண்டுபிடிப்பு கைநழுவிப் போனதில் துளி வருத்தமும் வரவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

கமிட்டியில் பழைய படம், புதிய படம் இரண்டையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். மலையை விட்டு நகரச் சொல்லவில்லை. மூத்தவர் ஒருவர் மட்டும், “இந்த அழுத்தம் மலையோட நின்னுதா, கீழ சமவெளிலயும் இருக்கா? அதப் பாக்க வேணாமா?” என்றார்.

பார்க்கத் தொடங்கிவிட்டேன் ஐயா என்றேன். அதற்கு முந்தின வாரமே செங்கம் பஸ்ஸில் போய் அடிவாரத்தில் இறங்கி, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரியில் முதல் கீறலை அளந்திருந்தேன்.