அப்பாவுக்குத் தெரிந்த ஒரே விலை

நனைந்த சாக்கும் பெட்ரோலும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசனை ஒன்று உண்டு. லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நாங்கள் குடியிருந்த டிரைவர் வீட்டு வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டியின் வாசனை அது. முன்சீட்டில் ஏறிக் கொஞ்சநேரம் உட்கார்ந்தாலே சட்டையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்துவாள், எனக்கோ அதில் கொள்ளைப் பெருமை.

இருபது வருடம் தனக்கு வண்டி ஓட்டிய அப்பாவுக்கு, சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போன வண்டி. புதிதாக வந்த துரை தன் டிரைவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டதால், மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காலி செய்தால், கொழுந்து பறிக்கும் அம்மாவின் பெயரில் கிடைக்கக்கூடிய தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் "காம்பரா" அறைக்குள் ஐந்து பேரும் ஒடுங்க வேண்டியதுதான். லிந்துலை டவுனுக்கு மேலே தகரக் கூரை போட்ட சின்ன வீடு ஒன்று விலைக்கு இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். எங்களிடம் விற்பதற்கு இருந்ததோ அந்த வண்டி மட்டும்தான்.

பெயிண்ட் அடி, கிழிந்த சீட்டைத் தை என்று லயமே திரண்டு வந்து யோசனை சொன்னது. அம்மா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அம்மாவின் தகப்பனார் மணப்பாறைப் பக்கம் மாட்டுத் தரகராக இருந்து, பஞ்சத்தில் இந்த மலைக்கு வந்தவர். "கொம்புக்குச் சாயம் பூசுன மாட்ட எங்க அய்யா தொட்டுக்கூடப் பாக்கமாட்டாரு" என்பாள். ஆகவே துருவும், கயிற்றால் கட்டிய இடது கதவும், ஓட்டை வழியே பாதை தெரியும் தரைத் தகடுமாக வண்டி உள்ளது உள்ளபடியே நின்றது.

புது வண்டிகள் கப்பலில் வருவது குறைந்து, பழைய வண்டிகளுக்கு விலை ஏறியிருந்த காலம் அது. இது அப்பாவைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பொய் வராது என்பது போகட்டும், உண்மையை அடக்கவும் வராது. முதலில் நுவரெலியாவிலிருந்து ஒரு காய்கறித் தோட்டக்காரர் வந்தார். அப்பா ஆயிரம் என்று தொடங்கி, ஹார்ன் அடிக்காது என்று சொல்லி ஐம்பது குறைத்தார்; கதவைச் சொல்லி நூறு குறைத்தார்; இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்தவர் வாயே திறக்காமல் விலை அறுநூறுக்கு வந்துவிட்டது. இவ்வளவு இறங்குகிறார்களே, வண்டியில் இன்னும் என்ன கோளாறோ என்று பயந்து அந்த மனிதர் பஸ் பிடித்துப் போய்விட்டார். அன்றைக்கு அம்மா கோபத்தில் கறிக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

அடுத்து வரப்போகிறவர் தலவாக்கலை காசிம் முதலாளி என்று தெரிந்ததும் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. அவர் காய்கறியும் ஏற்றுவார், மாடும் வாங்குவார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை; துணிக்குள்ளே கைகளை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். முதலில் பிடிக்கும் விரல்கள் ஆயிரம், அடுத்துப் பிடிப்பவை நூறு. கை துணிக்குள் போனபின் பேச்சுக் கிடையாது. "வாயத் தொறந்தவன் தோத்தவன்" என்பது என் தாத்தாவின் சட்டமாம். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் என்னை முதலாளியாக உட்காரவைத்து அம்மா அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள். ஒரு விரல், பிறகு ஐந்து விரல். ஒரு விரல், பிறகு ஐந்து விரல். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த அந்தக் கைக்குள் என் விரல்கள் சிவந்துபோயின.

காசிம் முதலாளி வந்தார். அப்பா வழக்கம்போல எல்லாக் குறையையும் ஒப்பித்தார். முதலாளி தலையாட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தேயிலைப் பெக்டரி ஏற்றத்தில் வண்டியை விடச் சொன்னார். ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. திரும்பி வந்து இறங்கும்போது தூறல் போட்டது. வேலிவரைக்கும் கூட்டம், ஆயிரம் பெறுமா, ஆயிரத்து இருநூறு பெறுமா என்று ஆளாளுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா மலைக்குப் போர்த்திப் போகும் கம்பளியைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் விரித்தாள்.

"வெலைய வாயால பேச வேணாம் மொதலாளி."

முதலாளி அம்மாவை ஒரு தரம் பார்த்தார். சிரித்தபடி சட்டைக் கையை மடித்துவிட்டார். இருவர் கைகளும் கம்பளிக்குள் போயின. கம்பளி புடைத்தது, அடங்கியது, மறுபடி புடைத்தது. அப்பாவின் நெற்றியில் மழையா வியர்வையா என்று தெரியவில்லை. இறங்கிவிடுவாரோ என்ற பயத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா குனிந்து என் காதில் சொன்னாள்: "எறங்க மாட்டாரு. ஒரு வெலையத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். வேற எதுவும் அவருக்குத் தெரியாது."

வெகுநேரம் கழித்து முதலாளிதான் வாயைத் திறந்தார்.

"டிரைவரே, கொஞ்சம் எறங்கி வாங்களே. விரல் ஒடஞ்சிரும் போல."

அப்பா ஒரு விரல், பிறகு ஐந்து விரல் என்று இன்னொரு தரம் அழுத்தியிருக்க வேண்டும். முதலாளி கையை வெளியே இழுத்து உதறினார். "நாப்பது வருஷமா மாடு வாங்குறன். இப்படி ஒரு கைய நான் பாக்கல்ல" என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து பணத்தை எடுத்தார். குறையெல்லாம் வாயால் சொன்ன மனிதர் விலையிலும் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்ததாகப் பின்னொரு நாள் அம்மாவிடம் சொன்னாராம். அன்று நான் போட்ட கூச்சலில் கோழிகள் கூரை ஏறின. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் லிந்துலை வீட்டில் பால் காய்ச்சினோம்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வண்டி எந்தப் பள்ளத்தில் இரும்பாகக் கிடக்கிறதோ தெரியாது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் கம்பளியை விட்டு, மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் படங்குக்கு மாறி வெகு காலம் ஆகிறது. வீடு மட்டும் இருக்கிறது. தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டிருக்கிறோம். சென்ற வாரம் ஒரு தரகர் வந்தார். டவுன் வளர்கிறது, நல்ல விலை வரும், ஒரு விலை சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்த வீட்டுக்கு எத்தனை விரல் பிடிப்பது என்று அம்மா எங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.