அருவிக்குப் போன வேன்

கப்பலில் வருகிற சுற்றுலாக்காரர்களைக் கரையில் இறக்கி, வேனில் ஏற்றி, ஊர் காட்டி, நேரத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. வேன் ஓட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் புயலக்கா. பாதி அவள் கோபத்துக்காக. மீதி, அவள் எந்நேரமும் காற்றையும் அலையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்ததற்காக. அந்த ஊர்த் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்ட ஆழம் போதாது. தள்ளி நங்கூரம் போட்டு, ஆட்களைச் சிறு படகுகளில் அனுப்பும். அலை கொஞ்சம் தூக்கினாலும் கேப்டன் படகை இறக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கரையில் காத்திருக்கிற அத்தனை பேர் வாயிலும் விழுவது இவள்.

வேன்களில் பாதி அவள் தம்பியுடையவை. அப்பா போன பிறகு வீட்டைப் பங்கு பிரித்ததில் இருவருக்கும் ஆகாமல் போயிற்று. கூடத்தின் நடுவே சுவர் எழுந்தது. சமையலறை அவன் பக்கம் போனது, குளியலறை இவள் பக்கம் வந்தது. இவள் நடைவழியில் அடுப்பு வைத்துச் சமைத்தாள்; அவன் கொல்லையில் தகரம் அடித்துக் குளித்தான். தொழிலைத் தவிர வேறு பேச்சில்லை. அதிலும் அக்கா என்பதை விட்டுவிட்டு மேடம் என்றான்.

அந்த முறை, கப்பல் வருவதற்கு முதல் நாள், மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே காற்று எழும் என்று வானிலை அறிக்கை சொன்னது. அவள் மலை அருவிப் பயணத்தை வெட்டிவிட்டு, ஊருக்குள் சுற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

தம்பி அவள் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டான். "அருவி வேண்டாம்னு யார் சொன்னது?"

"நான்தான். காத்து வந்தா கப்பல் சீக்கிரம் கிளம்பிடும். மலை மேல இருக்கிறவங்களை யார் இறக்குறது?"

"வந்தாத்தானே. வரலைன்னா என் வேனெல்லாம் சும்மா நிக்கும். அதுதானே மேடத்துக்கு வேணும்."

"உன் வேன் நின்னா எனக்கென்ன, ஓடினா எனக்கென்ன."

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். வேன்கள் வேறு யாருடையதாவது இருந்திருந்தால் அருவியை இத்தனை சுலபமாக வெட்டியிருப்போமா என்று ஒரு நினைப்பு அவளைக் குடைந்தது. அதற்குப் பதில் தேட அவளுக்கு மனசில்லை.

மறுநாள் காலையில் கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. அருவிக்குப் பதிவு செய்திருந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் சீட்டைக் கிழித்து அவள் காலடியில் போட்டார். "என்ன புயலக்கா, உங்க புயல் பஸ்ஸைத் தவறவிட்டுடுச்சா?" என்று ஒரு டிரைவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் களேபரத்தில் தம்பி ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிட்டான். கிழவரும் அதில் ஏறியிருந்தார். விஷயம் தெரிந்து அவள் போன் செய்தாள். அவன் துண்டித்தான். மறுபடி அடித்தபோது அணைத்து வைத்திருந்தான்.

உச்சி தாண்டித்தான் காற்று வந்தது. வந்தது, வஞ்சம் தீர்க்க வந்தது போல வந்தது. படகுகள் துறைச் சுவரில் முட்ட ஆரம்பித்தன. கப்பலின் டூர் அதிகாரி வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, எல்லோரையும் உடனே அனுப்பச் சொன்னார்.

"ஒரு வேன் மலையில இருக்கு" என்றாள்.

"அருவிதான் ரத்தாச்சே. யார் கூட்டிட்டுப் போனது?"

வண்டி பழுது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வரவும் செய்தது. "என் தம்பி" என்றாள். "எனக்குச் சொல்லாம."

வேன் துறைக்குள் நுழைந்தபோது கப்பல் சங்கு ஊதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இறங்கியவர்கள் அவளைத்தான் ஏசினார்கள். கிழவர் மட்டும் கப்பலைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார். உடம்புக்கு முடியாத மனைவியைக் கப்பலில் விட்டுவிட்டு வந்திருந்தார் அவர்.

"கப்பலை நிறுத்தி வச்சிருக்கலாமே நீ" என்றான் தம்பி.

"போனை எடுத்திருக்கலாமே நீ."

"கூடப் பிறந்தவன்னு பார்க்காம என் பேரைச் சொல்லியிருக்கே."

"அவர் சம்சாரம் கப்பல்ல படுத்திருக்கு. அவர்கிட்ட போய்ச் சொல்லு, நீ என் கூடப் பிறந்தவன்னு."

அன்றே அதே வேனில் அவர்களை அடுத்த துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவன் ஓட்டினான், அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கிழவர் இறங்கி, இருவரையும் திரும்பிப் பாராமல் கப்பலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவன் வேன்கள் இனிமேல் வேண்டாம் என்று கப்பல் கம்பெனி சொல்லிவிட்டது. தம்பி பெண்டாட்டி தெருவில் நின்று, கேட்கிறவர் காது கூசும்படி ஏசி, மண்ணை வாரித் தூற்றினாள். இவள் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இப்போது அவன் துறைமுக வாசலில் தானே நின்று அருவிக்கு ஆள் பிடிக்கிறான். வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் அவள் கண்டுகொள்வதில்லை. காற்று எழும் என்று தெரிந்தால் மட்டும் வாசலுக்கே போய், அவன் எதிரிலேயே, "அந்த வேன்ல ஏறாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள். அவன் வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். அவள் அடுத்த ஆளிடம் போகிறாள்.