உப்பளத்துத் தவளைக் கல்யாணம்

பாக்கியலட்சுமிக்குக் கதை சொல்ல வராது என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப் போகும். அவளுடைய வம்பெல்லாம் கதையில் இல்லை, கதைக்கு முன்னால் அவள் பண்ணுகிற ஏற்பாட்டில் இருந்தது. மரக்காணத்து உப்பளக் கரையில் ஒற்றை அறை நூலகம். சனிக்கிழமை பத்தரை மணிக்குச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்துவிட்டு, "சரி, வீட்டுக்குக் கிளம்புங்க" என்று அனுப்பினால் அவளை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் நூலகர் அம்மாவுக்கு மனசு ஒப்ப வேண்டுமே! யானைக் கதை என்றால் அன்றைக்கு எல்லாமே யானை. பாட்டு யானை, முகமூடி யானை, கடைசியில் கையில் கொடுக்கிற கடலை உருண்டைகூட யானைக் கவளம். பஸ் கதை என்றால் நாற்காலியெல்லாம் வரிசை கட்டி ஸீட்டாகிவிடும், கண்டக்டர் பிள்ளைக்கு விசில் வாங்கி வந்துவிடுவாள்.

அவளுக்குச் சொந்த ஊர் கிளியனூர். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பஸ் மாறி மாறி வருகிறவள் என்பதால் அடுத்த வாரத்துக் கதைக்கு என்ன பாட்டு, என்ன கைவேலை என்பதெல்லாம் பஸ்ஸிலேயே முடிவாகும். மடியில் சாட் பேப்பர், கையில் கத்தரிக்கோல். "யக்கா, அத்த உள்ள வைங்க. டிரைவர் பிரேக் அடிச்சா என் கதை முடிஞ்சுடும்" என்பான் கண்டக்டர். "உன் கதையும் வெச்சிருக்கேன்பா, அடுத்த மாசம்" என்பாள்.

இத்தனை செய்தும் ஒரு குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கடைத்தெருப் பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். உப்பளத் தெருப் பிள்ளைகள் மட்டும் படி ஏறவில்லை. அம்மா அப்பா இருவரும் இருட்டோடு உப்பு வாரப் போய்விடுவார்கள், வெயில் ஏறித்தான் திரும்புவார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தே கதை கேட்கும். கூப்பிட்டால் ஓட்டம். ஒருநாள் ஒருத்தி மட்டும் ஓடாமல் நின்றாள். "காலெல்லாம் சேறா இருக்குது. உள்ள வந்தா திட்டுவாங்க" என்றாள். உப்பள மேஸ்திரி சடையப்பனின் மகள் செந்தமிழ் அவள். ஏழு வயதில் ஒரு தெருவையே மேய்க்கிறவள். பாக்கியலட்சுமிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கதையின் தலைப்பு "கால்". யானைக்கால், வாத்துக்கால், நண்டுக்கால். வாசலில் வாளி நிறையத் தண்ணீர். யாராக இருந்தாலும் காலைக் கழுவினால்தான் கதவு திறக்கும், அதுதான் மந்திரம் என்று அறிவித்தாள். சுத்தமான கால் வைத்திருந்த கடைத்தெருப் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு கழுவினார்கள். செந்தமிழ் கழுவினாள். அவள் உள்ளே வந்ததும் தெருவே உள்ளே வந்துவிட்டது. அன்றைக்கு வீடு திரும்பிய பஸ்ஸில் பாக்கியலட்சுமி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து ஸீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கொஞ்சம் மேய்ச்சலுக்குப் போய்விட்டது. சித்திரை பிறந்தது, பள்ளி லீவு, எங்கே பார்த்தாலும் மேளம். அடுத்த தலைப்பு "கல்யாணம்" என்று முடிவு செய்தாள். யாருக்குக் கல்யாணம்? கிளியனூரில் ஏரி வறண்ட வருஷம் தவளைக்கு மஞ்சள் பூசித் தாலி கட்டி ஊர்வலம் விட்டது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், தவளைக் கல்யாணம்! எதற்காக அந்தக் கல்யாணத்தைச் செய்வார்கள், இப்போது எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த மண்டைக்கு ஒரு நொடி உறைத்திருக்கக் கூடாதா?

பச்சை சாக்ஸில் பஞ்சடைத்து மாப்பிள்ளை. பழைய ரவிக்கைத் துணியில் பொண்ணு. பிள்ளைகளே பேர் வைத்தார்கள்: மாப்பிள்ளை குமரேசன், பொண்ணு ஸ்வீட்டி. செந்தமிழ் தன்னைத்தானே பெண்ணின் அம்மாவாக நியமித்துக்கொண்டாள். கடைத்தெருப் பிள்ளைகள் மாப்பிள்ளை வீட்டார். லேட்டாக வந்த பள்ளிவாசல் தெரு நாஜியாவுக்குப் பதவி எதுவும் மிச்சமில்லை, சோப்பு டப்பாவைக் கண்ணில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தாள். கதை முடிந்ததும் கல்யாணம். "காபி சூடா இல்ல" என்று மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டார்கள். "உங்களுக்கு இன்னா குறை வெச்சோம்?" என்று செந்தமிழ் இடுப்பில் கை வைத்தாள். சத்தம் தாங்கவில்லை என்று தினமும் புலம்புகிற பேப்பர் வாசகர் ராஜாங்கமே எழுந்து வந்து, மேஜையைத் தட்டிக் கெட்டிமேளம் கொட்டினார். மஞ்சள் நூலில் தாலி ஏறியது. ஆளுக்கொரு பூந்தி லட்டு.

செந்தமிழ் லட்டோடு வீட்டுக்கு ஓடினாள். சடையப்பன் அப்போதுதான் அளத்திலிருந்து வந்து, தெற்கே திரண்டு நின்ற கறுப்பு மேகத்தைக் கலவரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எங்க தவளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!"

லட்டு அவர் வாய்க்குள் போகவில்லை. வந்த வேகத்துக்கு நூலகத்தின் படி அதிர்ந்தது. பின்னாலேயே உப்பளத்துப் பெண்கள் சிலர், அவர்களுக்கு முன்னால் செந்தமிழ். "கால் கழுவிட்டு வாங்க!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். அத்தனை கோபத்திலும் மனிதர் குனிந்து காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"இன்னா டீச்சரம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கல்யாணங்க. பிள்ளைங்க விளையாட்டு..."

"விளையாட்டா? தவளைக்குத் தாலி கட்டினா இன்னா ஆவும்னு தெரியாது?"

தெரியும். அந்த நொடியில்தான் தெரிந்தது. ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தாள். "மழை வரும்" என்றாள் மெதுவாக.

"எந்த ஊரு நீங்க?"

"கிளியனூர்."

"அதான பார்த்தேன், நெல்லு போடுற ஊரு!" திருடி ஒப்புக்கொண்டுவிட்டாள் என்பதுபோல் அவர் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "இப்பதான் பாத்தி பூரா உப்பு வெள்ளையா நிக்குது. ஒரு மழை பேஞ்சா அத்தனையும் தண்ணி. திரும்ப முதல்லேருந்து தண்ணி கட்டணும், காய விடணும். எங்க வயித்துல அடிச்சுட்டீங்களே!"

சாக்ஸ் தவளை மழையைக் கூப்பிடும் என்று பாக்கியலட்சுமி நம்பவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் கிடந்த பயம் அவளுக்குத் தெரிந்த பயம். அவளுடைய அப்பாவும் வயலில் நின்று இப்படித்தான் வானத்தைப் பார்ப்பார். அவர் மேகம் வரவேண்டும் என்று பார்ப்பார், இவர் வரக்கூடாது என்று பார்க்கிறார். அவளுக்கு அவமானமாக இருந்தது.

"தாலியை அறுங்க. இப்பவே."

பிள்ளைகள் வீல் என்று அலறினார்கள். செந்தமிழ் ஸ்வீட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எம்பொண்ணு வாழ வேணாமா? மஞ்சள்கூட இன்னும் காயல. ஊரு இன்னா பேசும்?"

"ஏய், நான் உங்கப்பன்டி!"

"இருந்தா இன்னா? நான் பொண்ணோட அம்மா."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சடையப்பன் சிரிக்கவில்லை. "ஒண்ணு தாலி அறுபடணும். இல்லைன்னா இன்னையோட எங்க தெருப் புள்ளைங்க இந்தப் படி ஏறாது. அவ்ளோதான்."

பாக்கியலட்சுமி கத்தரிக்கோலை எடுத்தாள். கீழே வைத்தாள். அறுத்தால் பிள்ளைகள் இனி அவள் சொல்கிற ஒரு கதையையும் நம்பாது. அறுக்காவிட்டால் அத்தனை பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த கால்கள் மறுபடி ஜன்னலுக்கு வெளியே போய்விடும். என்ன செய்வாள், பாவம்!

"மாப்பிள்ளைய துபாய்க்கு அனுப்பிடுங்க."

நாஜியாதான். வாய் நிறைய லட்டு.

"என்னம்மா?"

"கல்யாணம் ஆனா துபாய் போயிடணும்ல? எங்க அத்தா அப்டித்தான் போனாங்க. அம்மா இங்கதான் இருக்காங்க. கழுத்துல கருகமணியும் அப்டியே இருக்குது, எங்களுக்கு அதான் தாலி."

மகளை அழைத்துப் போக வந்து வாசலில் நின்றிருந்த கரீமா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சடையப்பன் யோசித்தார். "பொண்டாட்டி இங்க, புருஷன் அங்க..."

"ஒண்ணா இருந்தாத்தான மழை," என்றாள் முந்தானையைக் கடித்தவள். "பிரிஞ்சு கெடந்தா எங்கேருந்து வரும்?"

"லீவுல எப்ப வருவான்?"

"ஐப்பசியில!" என்றாள் பாக்கியலட்சுமி, விட்டால் போதும் என்று. ஐப்பசி அடைமழையில் உப்பு வாருகிற வேலையே இருக்காது.

"நடுவுல வந்துட மாட்டானே?"

"எப்படி வருவாங்க? முதலாளி விட மாட்டான்" என்றாள் நாஜியா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! கரீமா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாக்பீஸ் டப்பா பெட்டியானது. "கயிறு போட்டு இறுக்குங்க. பேரை எல்லாப் பக்கமும் எழுதுங்க. ஊறுகாய்க்குக் கவர் சுத்துங்க, சிந்திடும்." சண்டைக்கு வந்த பெண்களில் ஒருத்தி மடியை அவிழ்த்து, "நம்ம ஊரு உப்பு கொஞ்சம் வைங்க, அங்க சாப்பாட்டுல ருசி இருக்காது" என்றாள். துபாய் என்பது ஸ்டீல் பீரோவின் உச்சி. அதற்கு எட்டுகிற உயரம் சடையப்பனுக்குத்தான் இருந்தது. குமரேசனைக் கையில் ஏந்தி அவர் மேலே கொண்டுபோக, பிள்ளைகள் விமானமாக உறுமினார்கள்.

"இப்ப சரிங்களா?" என்று பாக்கியலட்சுமி பயந்துகொண்டே கேட்டாள்.

"பார்க்கலாம். அவன் எறங்காம இருக்குறானான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கடல் பக்கம் போய்விட்டது. ஏன் போனது என்று அதைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வாரம் நூலகத்துக்குப் புது வாசகர் ஒருவர் சேர்ந்தார். தினமும் அளத்து வேலை முடிந்ததும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார், பேப்பரை விரிப்பார், கண் மட்டும் பீரோவின் உச்சியில் இருக்கும். "ஏம்பா, ஒரே பக்கத்த எவ்ளோ நேரம் படிப்ப?" என்று ராஜாங்கம் பேப்பருக்குக் காத்திருந்து சலித்துப்போனார். ஒருநாள் தூசு தட்ட பாக்கியலட்சுமி ஸ்டூல் போட்டு ஏறினாள், "எறக்காதீங்க!" என்று சடையப்பன் துள்ளி எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் அவளுக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. உப்பளத் தெரு வருமா, வராதா? கடைசியில் துணிந்து "துபாய்" என்றே தலைப்பு வைத்தாள். காகித விமானம், ஆளுக்கொரு பேரீச்சம்பழம், கூடவே கரீமாவிடம் ஒரு வேண்டுகோள். நாஜியாவின் அத்தா ஹபீப் முஹம்மது அங்கே ஏசி மெக்கானிக், சனிக்கிழமை லீவு. போனில் பிள்ளைகளோடு கொஞ்சம் பேசுவாரா?

சனிக்கிழமை பத்தரைக்கு உப்பளத் தெருவிலிருந்து ஒருத்தரையும் காணோம். அவள் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வாளித் தண்ணீர் சளசளத்தது. பிள்ளைகள், அம்மாக்கள், கடைசியில் சடையப்பன். "இன்னைக்கு மட்டும்தான். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தானான்னு தெரியணும். அடுத்த வாரத்துக்கு வானத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்றார்.

போனில் ஹபீப் முஹம்மதுவின் முகம் வந்ததும் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"வந்து சேர்ந்துட்டாருங்க. என் ரூம்லதான் இருக்காரு. கட்டில் வேணாமாம், பாத்ரூம் பக்கெட்டுலதான் படுப்பாராம். நாங்க குளிக்க முடியல!"

"சாப்ட்டாரா?" என்றாள் செந்தமிழ், மாமியார் அல்லவா.

"இங்க கெடைக்கிற குப்பூஸ் ரொட்டி கொடுத்தேன், புடிக்கல. உங்க ஊறுகாய்தான் காலி ஆவுது."

பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பாயில் உட்காராமல் நின்றுகொண்டிருந்த சடையப்பன்கூட உட்கார்ந்துவிட்டார். அப்போது ஹபீபின் குரல் கொஞ்சம் மாறியது.

"நாஜியா, உங்க அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. லீவு கெடச்சிடுச்சு. ஆவணில வர்றேன்."

கரீமா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாஜியா குதித்த குதியில் பேரீச்சம்பழத் தட்டு கவிழ்ந்தது. குதித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நின்றாள். பீரோவைப் பார்த்தாள். சடையப்பனைப் பார்த்தாள்.

"ஆவணில உப்பு இருக்கும்ல?"

"இருக்கும்" என்றார் அவர்.

நாஜியா போனுக்குக் கிட்டே போனாள். "அத்தா, நீங்க மட்டும் வாங்க. மாப்பிள்ளை ஐப்பசில வரட்டும். இல்லன்னா இவங்க உப்பு கரைஞ்சுடும். ஸ்வீட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். காத்திருக்குறது எப்டின்னு எனக்குத் தெரியும்."

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

சடையப்பன் பீரோவின் உச்சியை ஒருமுறை பார்த்தார், நாஜியாவைப் பார்த்தார்.

"ஏன், அவனும் வரட்டும்."

"மழை வருமே?" என்றாள் நாஜியா.

"ஒரு மழைதான? பேஞ்சா பேஞ்சுட்டுப் போவுது. உப்பு கரைஞ்சா மறுபடி வாரிக்கிறோம், அத்தத்தான வருஷம் பூரா பண்றோம்." போனைப் பார்த்து, துபாய்க்கே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "பாய்! மாப்பிள்ளைய அங்கேயே உட்டுட்டு வந்துடாதீங்க. கையோட கூட்டினு வாங்க. ஏர்போர்ட்டுக்கு நாங்க எல்லாரும் வேன் வெச்சு வர்றோம். எப்ப எறங்குறீங்கன்னு டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க, எங்க புள்ளைங்க சனிக்கிழமை சனிக்கிழமை இங்கதான் இருக்கும்."

போனில் ஹபீபின் தலை மேலும் கீழும் ஆடியது. பாக்கியலட்சுமி யாரைப் பற்றியும் கவலைப்படாமல் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

செந்தமிழ் அப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பதான்பா நீ பொண்ணு வூட்டுக்காரன் மாதிரி பேசுற" என்றாள்.