ஒழுக்கு நின்ற வீடு

குடியிருப்பில் அவருக்குப் பெயர் பாய்லர். தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க பாய்லர் பக்கத்தில் நின்றவர் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தாலே கொதிப்பார் என்பது இன்னொன்று. பாய்லரின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. பெண்டாட்டி இருந்தவரை கையைத் தட்டித் தட்டி எதையும் புரியவைத்தாள். அவள் போனபின் யாரும் மெனக்கெடவில்லை. மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷினை, "காதுக்குள்ள கரப்பான் குடித்தனம் நடத்துற மாதிரி இருக்கு" என்று மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். கீழே பெஞ்சில் உட்காரும் கிழவர்கள் சிரித்தால் தன்னைத்தான் என்று நினைத்து வைததில் பெஞ்சும் கைவிட்டுப் போனது.

மிஞ்சியது மாடிவீட்டுத் தையல்காரம்மா. அவள் குளியலறைத் தண்ணீர் இவர் சமையலறையில் சொட்டியது. தினமும் காலையில் ஏறிப்போய்க் கதவை இடிப்பார்.

"என் வீடு என்ன குளமா? மீன் வளக்கட்டுமா?"

"வளங்க! உங்க மூஞ்சியப் பாத்தா மீன் தானா செத்துரும்!"

தொண்டை கிழியக் கத்துவாள். உலகத்தில் அவள் பேச்சு மட்டும்தான் அவருக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

ஒருநாள் அவள் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றிவிட்டாள். பாய்லர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டிப் பார்த்தார். பொட்டு ஈரமில்லை. சொட்டுக்கு வைத்த வாளி காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

"உன் தையல் மெஷின் சத்தத்துல ராத்திரி பூரா தூக்கமில்ல!"

அவள் கதவை விரியத் திறந்து காட்டினாள். ஜன்னலோரம் மெஷின் இருந்த இடம் காலி.

"ரிப்பேருக்குப் போய் ஒரு வாரமாச்சு. தலைமாட்டுல இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஆளு, இல்லாத மெஷின் சத்தம் கேட்டுச்சாக்கும்!"

பாய்லர் திரும்பினார். இனி இந்தக் கதவும் திறக்காது. படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

"நில்லுங்க!" பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்குக் கத்தினாள். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நாளைக்கு உருப்படியா ஒரு புகாரோட வாங்க. இல்லேன்னா கதவத் திறக்க மாட்டேன்!"

"திறக்காட்டி உடைப்பேன்டி!"

"உடைங்க, பாக்குறேன்!"

கதவை அறைந்து சாத்தினாள்.

பாய்லர் கீழே வந்தார். சமையலறை நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்தார். இவ்வளவு பழைய கட்டடத்தில் ஒரு விரிசல்கூடவா இருக்காது?