முதுகு தெரிந்த வீட்டில் ஒரு முகம்

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் எங்கள் தெருமுனை வீட்டில் இருந்தவர் லீவன் டெ கெய்சர். லத்தீன் வாத்தியார். தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய சித்திரங்கள் என்றால் உயிர். பள்ளி விட்டு வந்ததும் பூதக்கண்ணாடியோடு மேசையில் கவிழ்ந்துவிடுவார். அவர் எழுதும் கட்டுரைகளைப் படித்துவிட்டு பாரிஸிலிருந்துகூட ஆள் தேடி வரும். அவர் மனைவி ரொமனி, சாப்பாட்டுத் தட்டு வைக்க அந்த மேசையில் இடம் தேடுவாள்.

அவருக்கு அறுபது நிறைந்தபோது கிளெமென்ஸ் என்ற பெண் ஓவியர் அவரை வரைய வந்தார். அப்போது புதிதாக வந்திருந்த முறை அவருடையது: வண்ணங்களைக் குழைக்காமல் பொட்டுப் பொட்டாகத் துணியில் வைப்பார். லீவனுக்கு அதில் நம்பிக்கையில்லை, மறுக்கவும் தெரியவில்லை. மேசையில் வேலையாக இருக்கும்போதே வரையச் சொல்லிப் பார்த்தார். குனிந்தால் முகம் எங்கே தெரியும் என்று கிளெமென்ஸ் அவரை ஜன்னலோரம், வெறுங்கையோடு உட்காரவைத்தார்.

சில நாளிலேயே லீவன் தவித்துப்போனார். பேச்சுத்துணைக்கு ரொமனி வந்தாள். மடியில் உருளைக்கிழங்கு, கையில் கத்தி. தோல் சீவியபடி அவரையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"காதோரம் தழும்பு இருக்கே. எப்ப வந்துச்சு?"

"சின்ன வயசுல. ஆத்துல குதிச்சப்ப படகு இடிச்சுது. நீ கேட்டதே இல்லியே."

"கல்யாணமானதுலேர்ந்து உங்க முதுகத்தான பாக்குறேன். முதுகுகிட்ட என்னத்தக் கேக்க?"

லீவன் சிரித்துவிட்டார். அசையக் கூடாது என்று கிளெமென்ஸ் அதட்டினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேச்சு ஓடியது. பிறந்த வாரத்திலேயே போய்விட்ட மகளைப் பற்றி அவர்கள் வாயே திறந்ததில்லை. ஒரு மழைநாளில் அதையும் பேசினார்கள். கிளெமென்ஸ் தலை தூக்காமல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் லீவன் வழக்கம்போல் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நெருங்கினார். "அம்மை போட்டமாதிரி இருக்கு" என்றார்.

"அங்கேர்ந்து பாக்காதீங்க. இங்க வாங்க" என்றாள், வாசலருகே நின்ற ரொமனி.

போய் அவள் பக்கத்தில் நின்றார். புள்ளிகள் ஒன்றுகூடி முகமாயின. யாரோ சொல்வதைத் தலை சாய்த்துக் கேட்கும் முகம்.

"எனக்கு இப்படி ஒரு மூஞ்சி இருக்கா?"

"நான் பேசுறப்ப இருக்கு."

அவர் மறைந்தபின், சேர்த்துவைத்த சித்திரங்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ரொமனி, இந்தப் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு ஒருமுறை இரவல் தந்தாள். அப்போதும் ரயிலேறிப் போய், கதவு சாத்தும்வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.